கார்பன் வணிகமும் ஈட்டுத் திட்டங்களும்

கார்பன் வணிகம் என்பது பசுமை இல்ல வாயுக்களை வெளியேற்றும் உரிமையையோ, அவற்றின் வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான சான்றையோ விலைக்கு வாங்கி விற்கும் ஏற்பாடாகும். இதில் கைமாறும் சரக்கின் அலகு ஒரு மெட்ரிக் டன் கார்பன் டை ஆக்சைடு. ஏறத்தாழ 370 லிட்டர் டீசலை எரித்தால் அவ்வளவு வாயு வெளிவரும். மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு முதலிய பிற வாயுக்களும், அவை புவியை எவ்வளவு வெப்பமாக்குகின்றன என்பதைக் கொண்டு, கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான டன்களாக மாற்றிக் கணக்கிடப்படுகின்றன.

இவ்வணிகத்துக்கு அடிப்படையாக இருப்பது ஓர் இயற்பியல் உண்மை. கார்பன் டை ஆக்சைடு வளிமண்டலத்தில் நெடுங்காலம் தங்கி, உலகெங்கும் கலந்துவிடுகிறது. ஜெர்மனியில் வெளியேறும் ஒரு டன்னும் இந்தியாவில் வெளியேறும் ஒரு டன்னும் புவி வெப்பமாதலுக்குத் தரும் பங்கு ஒன்றே. எனவே குறைப்பு எங்கு மலிவாக முடியுமோ அங்கு அதைச் செய்து, செலவை வேறொருவர் ஏற்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. அனல் மின் நிலையத்தின் சாம்பலும் கந்தகப் புகையும் அப்படிப்பட்டவை அல்ல. அவை அருகில் வாழ்பவர்களையே தாக்கும். கார்பன் கணக்கு அவற்றைப் பார்ப்பதில்லை.

உரிமமும் வரவும்

கார்பன் சந்தையில் இரண்டு வகைச் சரக்குகள் உள்ளன. இரண்டும் டன் கணக்கிலேயே விற்கப்படுவதால் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அவை பிறக்கும் விதம் வேறு.

முதல் வகை உமிழ்வு உரிமம். அரசு ஒன்று, தன் ஆலைகள் அனைத்தும் சேர்ந்து ஓராண்டில் இவ்வளவுதான் வெளியேற்றலாம் என உச்சவரம்பு விதிக்கிறது. அந்த அளவுக்கு மட்டும் உரிமங்களை ஏலம் விடுகிறது, அல்லது இலவசமாகப் பகிர்ந்தளிக்கிறது. இரண்டு ஆலைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஆண்டுக்கு 1,00,000 டன் வெளியேற்றுகின்றன. அரசு ஒவ்வொன்றுக்கும் 80,000 உரிமங்கள் தருகிறது. முதல் ஆலையில் ஒரு டன்னைக் குறைக்க 500 ரூபாயும், இரண்டாவது ஆலையில் 3,000 ரூபாயும் செலவாகும் எனக் கொண்டால், தத்தம் பங்கைத் தாமே குறைப்பதற்கு இரண்டுக்கும் சேர்த்து 7 கோடி ரூபாய் ஆகும். முதல் ஆலையே 40,000 டன்னையும் குறைத்து, மிஞ்சிய 20,000 உரிமங்களை இரண்டாவது ஆலைக்கு விற்றால், மொத்தக் குறைப்புச் செலவு 2 கோடிதான். இரண்டு ஆலைகளுக்கும் லாபம். வானத்துக்குப் போவதும் அதே 1,60,000 டன்தான், ஒரு டன்கூட அதிகமில்லை.

இரண்டாவது வகை கார்பன் வரவு. செய்தித்தாள்கள் இதனைக் கார்பன் கிரெடிட் என்று எழுதுகின்றன. இது உச்சவரம்புக்கு வெளியே, பெரும்பாலும் வேறொரு நாட்டில் பிறக்கிறது. அங்கே ஒருவர் காற்றாலை நிறுவுகிறார், அல்லது குப்பைக் கிடங்கின் மீத்தேனைப் பிடித்து எரிக்கிறார், அல்லது காடழிப்பைத் தடுக்கிறார். இத்திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு வெளியேறியிருக்கும் என்று ஒரு மதிப்பீடு செய்யப்படுகிறது. இதுவே அடிக்கணக்கு எனப்படும். அடிக்கணக்கிலிருந்து உண்மையில் வெளியேறியதைக் கழித்தால் வருவது வரவு. இவ்வரவை வாங்கும் ஆலை, அதற்கு ஈடாகத் தன் வரம்புக்கு மேல் ஒரு டன் வெளியேற்றிக்கொள்ளலாம். ஆகவேதான் இவை ஈட்டுத் திட்டங்கள் எனப்படுகின்றன.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. உரிமத்தைப் புகைபோக்கியிலும் எரிபொருள் ரசீதிலும் சரிபார்க்க முடியும். வரவோ நடக்காமல் போன ஒன்றின் அளவு. நடக்காததை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது, கணிக்கத்தான் முடியும். கணிப்பு மிகையாக இருந்தால், வாங்கிய ஆலை வெளியேற்றும் கூடுதல் டன் உண்மையானது, விற்ற திட்டம் குறைத்ததாகச் சொன்ன டன் பொய்யானது. அப்போது வணிகம் நடந்ததாலேயே உலகின் மொத்த உமிழ்வு கூடிவிடுகிறது.

கியோட்டோவுக்கு முன்னும் பின்னும்

மாசுக்கு விலை வைத்து வணிகம் செய்யும் முறை முதலில் கந்தக டை ஆக்சைடில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அமிலமழையைக் குறைக்க அமெரிக்கா 1990ஆம் ஆண்டு தன் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியது. 1995 முதல் அனல் மின் நிலையங்களுக்கிடையே கந்தக உரிம வணிகம் நடந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் கந்தக உமிழ்வு குறைந்ததால், அதே வழியைக் கார்பனுக்கும் பின்பற்றலாம் என அமெரிக்கா வாதிட்டது.

1997 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ நகரில் கூடிய மாநாட்டில் அவ்வாதம் வென்றது. அங்கு ஏற்கப்பட்ட கியோட்டோ நெறிமுறைப்படி, தொழில்வள நாடுகள் 2008 முதல் 2012 வரையிலான காலத்தில் தம் உமிழ்வை 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து சராசரியாக ஏறத்தாழ 5 விழுக்காடு குறைக்க வேண்டும். இந்தியா, சீனா உள்ளிட்ட வளரும் நாடுகளுக்கு இலக்கு விதிக்கப்படவில்லை. இலக்கை எட்ட மூன்று வணிக வழிகள் திறக்கப்பட்டன. இலக்குள்ள நாடுகள் தமக்குள் உரிமங்களை விற்கலாம். ஒன்றின் மண்ணில் மற்றொன்று கூட்டாகத் திட்டம் நடத்தலாம். வளரும் நாடுகளில் நடக்கும் திட்டங்களிலிருந்து வரவுகளை வாங்கலாம். மூன்றாவது வழிக்குத் தூய்மை வளர்ச்சிப் பொறிமுறை என்று பெயர்.

இப்பொறிமுறையின் பிறப்பில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. இலக்கைத் தவறவிடும் பணக்கார நாடுகள் தண்டம் கட்ட வேண்டும், அத்தொகையைக் கொண்டு வளரும் நாடுகளில் தூய தொழில்நுட்பத்தை வளர்க்க வேண்டும் என்பதே பிரேசில் முன்வைத்த யோசனை. பேச்சுவார்த்தையின் முடிவில் தண்டம், விலையாக மாறியது. குற்றத்துக்குக் கட்டும் பணமாக எண்ணப்பட்டது, சரக்குக்குக் கொடுக்கும் பணமாயிற்று.

வணிகத்தை முன்மொழிந்த அமெரிக்கா நெறிமுறையை உறுதிசெய்யவே இல்லை. நெறிமுறை 2005 பிப்ரவரி 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் உச்சவரம்பு விதித்து உரிமச் சந்தையைத் தொடங்கியது. வளரும் நாடுகளின் வரவுகளை அந்த ஆலைகள் ஓரளவுக்குப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்ததால், வரவுகளுக்குப் பெரிய வாங்குவோர் கிடைத்தனர்.

ஒரு திட்டம் வரவு பெறும் வழி

தூய்மை வளர்ச்சிப் பொறிமுறையில் வரவு பெற விரும்பிய நிறுவனம் முதலில் திட்ட வடிவமைப்பு ஆவணம் ஒன்றைத் தயாரிக்க வேண்டியிருந்தது. தன் நாட்டின் ஆணையத்திடம் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. பின்னர் அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனம் ஒன்று ஆவணத்தைச் சரிபார்த்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் இயங்கும் செயற்குழு அதனைப் பதிவு செய்தது. திட்டம் ஓடத் தொடங்கியபின், அளவீடுகளை மீண்டும் தணிக்கை செய்து, அதன்பிறகே வரவுகள் வழங்கப்பட்டன. தணிக்கை நிறுவனத்துக்குக் கட்டணம் தருபவர் திட்டத்தின் உரிமையாளர்தான் என்பது இந்த ஏற்பாட்டின் நெடுநாள் பலவீனம்.

முதல் திட்டமாக 2004 நவம்பரில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் குப்பைக் கிடங்கு வாயுவைப் பிடிக்கும் திட்டம் பதிவானது. முதல் வரவுகள் 2005 அக்டோபரில் ஹோண்டுராஸ் நாட்டின் சிறு நீர்மின் திட்டங்களுக்கு வழங்கப்பட்டன. அதன்பின் 7,800க்கும் மேற்பட்ட திட்டங்கள் பதிவாகி, 200 கோடிக்கும் மேற்பட்ட வரவுகள் வெளியாயின. எண்ணிக்கையில் சீனா முதலிடம், இந்தியா இரண்டாமிடம்.

ஒவ்வொரு திட்டமும் பதில் சொல்லவேண்டிய முக்கியக் கேள்வி கூடுதல் தன்மை பற்றியது. வரவு விற்ற பணம் கிடைக்காது என்று தெரிந்திருந்தால் இத்திட்டம் நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால், அதனால் வந்த குறைப்பு கூடுதலானது அல்ல. அதற்கு வரவு தரக்கூடாது. எளிய கேள்விதான். ஆனால் பதிலைச் சொல்பவர், ஆம் என்றால் பணத்தை இழப்பவர். இந்த ஒரு முடிச்சில் சிக்கிய இரண்டு கதைகள் கார்பன் வணிகத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ளப் போதுமானவை.

குளிர்பதன வாயு ஆலைகள்

குளிரூட்டிகளிலும் குளிர்பதனப் பெட்டிகளிலும் பயன்பட்ட வாயுக்களில் ஒன்று எச்.சி.எஃப்.சி-22. அதைத் தயாரிக்கும்போது எச்.எஃப்.சி-23 என்ற மற்றொரு வாயு கழிவாகப் பிறக்கிறது. உற்பத்தியில் சில விழுக்காடு மட்டுமே வரும் இக்கழிவை ஆலைகள் அப்படியே காற்றில் விட்டுவந்தன. ஆனால் இது மிகக் கொடிய பசுமை இல்ல வாயு. தூய்மை வளர்ச்சிப் பொறிமுறையின் தொடக்கக் கணக்கின்படி, இதில் ஒரு டன் 11,700 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

ஆக, ஓர் எரி உலையை நிறுவி இக்கழிவில் ஒரு டன்னை எரித்தால் 11,700 வரவுகள். ஒரு வரவு 10 யூரோவுக்கு விற்றால் 1,17,000 யூரோ. எரிப்பதற்கு ஆகும் செலவோ ஒரு வரவுக்கு ஒரு யூரோவுக்கும் குறைவு. பொறிமுறையில் மிக முன்னதாகப் பதிவான திட்டங்களில் குஜராத்தின் ஓர் ஆலையும் தென் கொரியாவின் ஓர் ஆலையும் இந்த வகையைச் சேர்ந்தவை. உலகம் முழுவதிலும் இத்தகைய திட்டங்கள் 19 மட்டுமே பதிவாயின. ஆயினும் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மொத்த வரவுகளில் ஏறத்தாழ பாதி இவற்றுக்கே போயிற்று.

இதன் பொருளாதாரத்தை 2007இல் நேச்சர் இதழில் எழுதிய ஆய்வாளர் மைக்கேல் வாரா வெளிப்படுத்தினார். இக்கழிவை அழிக்க ஆகும் செலவு 10 கோடி யூரோவுக்கும் குறைவு, ஆனால் வரவுகளாக வாங்கப்படும்போது உலகம் அதற்குத் தரப்போவது ஏறத்தாழ 470 கோடி யூரோ என்பது அவரது மதிப்பீடு. குளிர்பதன வாயுவை விற்பதைவிட அதன் கழிவை எரிப்பதில் கூடுதல் வருமானம் என்ற நிலை உருவானது. கழிவுக்கு விலை கிடைத்தால், கழிவைக் குறைக்க யார் முயல்வார்? வரவு கிடைக்கும் காலத்தில் கழிவு விகிதம் உயர்ந்தும், கிடைக்காத காலத்தில் தாழ்ந்தும் சில ஆலைகள் இயங்கியதைத் தரவுகள் காட்டின. ரஷ்யாவில் கூட்டுத் திட்டத்தின் கீழ் இயங்கிய ஆலைகளிலும் இதுவே நடந்ததென 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது.

விதி வகுத்தவர்கள் இதை முற்றிலும் எதிர்பாராதவர்கள் அல்லர். வரவுக்காகவே புது ஆலை கட்டுவதைத் தடுக்க, பழைய ஆலைகளுக்கு மட்டுமே வரவு என்று வரையறுத்திருந்தனர். கழிவு விகிதத்துக்கும் உச்சவரம்பு இருந்தது, பின்னர் அது மேலும் இறுக்கப்பட்டது. சீன அரசு இவ்வரவுகளின் வருமானத்தில் 65 விழுக்காட்டை வரியாக எடுத்து, காலநிலைப் பணிகளுக்கான நிதியில் சேர்த்தது. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் பொறுமையிழந்து, 2013 மே மாதம் முதல் இத்தகைய தொழிற்சாலை வாயு வரவுகளைத் தன் சந்தையில் ஏற்க மறுத்தது.

இக்கதையின் பிற்பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் மான்ட்ரியல் நெறிமுறை திருத்தப்பட்டு, எச்.எஃப்.சி-23 கழிவை அழிப்பது கட்டாயமாக்கப்பட்டது. அம்மாநாட்டின்போதே இந்திய அரசு, எச்.சி.எஃப்.சி-22 தயாரிக்கும் ஆலைகள் இக்கழிவைச் சேகரித்துத் தம் சொந்தச் செலவில் எரிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பல கோடி யூரோ கொடுத்து வாங்கப்பட்ட ஒரு செயல், ஓர் அரசாணையால் செய்யக்கூடியதாக எப்போதும் இருந்தது. ஆணை மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. 2018இல் உலகின் எச்.எஃப்.சி-23 உமிழ்வு அதுவரை இல்லாத உச்சத்தை எட்டியிருந்ததை வளிமண்டல அளவீடுகள் காட்டின. இந்தியாவும் சீனாவும் பெருமளவு குறைத்துவிட்டதாக அறிவித்திருந்த காலம் அது. காகிதக் கணக்கைக் காற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புள்ள மிகச் சில வாயுக்களில் இதுவும் ஒன்று.

இந்தியக் காற்றாலைகள்

இரண்டாவது கதை இன்னும் சிக்கலானது. ஏனென்றால் இதில் கொடிய கழிவு இல்லை, யாரும் விரும்பும் காற்று மின்சாரம்தான் இருக்கிறது.

காற்றாலை ஒன்று மின் தொகுப்புக்கு ஒரு மெகாவாட் மணி மின்சாரம் தந்தால், அந்த அளவுக்கு நிலக்கரி மின்சாரம் தவிர்க்கப்பட்டதாகக் கொள்ளலாம். தொகுப்பின் ஒரு மெகாவாட் மணிக்கு எத்தனை டன் உமிழ்வு என்ற கணக்கை மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது. அது 0.9 டன் என்றால், ஆண்டுக்கு 2,000 மெகாவாட் மணி தரும் காற்றாலைக்கு 1,800 வரவுகள். இதுவரை கணக்கில் குழப்பமில்லை.

தமிழ்நாட்டில் காற்றாலைகள் பெருகியது கன்னியாகுமரி மாவட்டத்தின் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய பகுதிகளிலும், பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் கோவை, திருப்பூர் வட்டாரங்களிலும். நூற்பாலைகள் தம் சொந்த மின்தேவைக்காகக் காற்றாலைகளில் முதலிட்டன. ஓர் ஆலையின் சில காற்றாலைகளுக்காக மட்டும் பதிவுச் செலவைத் தாங்க முடியாது என்பதால், பல ஆலைகளின் காற்றாலைகளை ஒன்றாகக் கட்டித் தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கத்தின் ஒருங்கிணைப்பில் தூய்மை வளர்ச்சிப் பொறிமுறைத் திட்டமாகப் பதிவு செய்த நிகழ்வும் உண்டு. சிறு முதலீட்டாளர்கள் சர்வதேசச் சந்தையை எட்டிய விதத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கேள்வி எழுவது கூடுதல் தன்மையில். அக்காலத்தில் காற்றாலை முதலீட்டின் 80 விழுக்காட்டை ஓராண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. மின்வெட்டும் மின்கட்டணமும் தனிக் காரணங்களாக இருந்தன. வரவு விற்ற பணம் இவற்றோடு சேர்ந்த ஒரு சிறு வருமானம். அது இல்லாவிட்டால் காற்றாலை வந்திருக்காதா? பொருளியல் ஆய்வாளர்கள் குழு ஒன்று இந்தியாவின் 1,350க்கும் மேற்பட்ட காற்றாலைகளை ஆராய்ந்தது. வரவு பெறாமலேயே கட்டப்பட்ட காற்றாலைகளைவிட அதிக லாபம் தரக்கூடியவையாக இருந்தும் வரவு பெற்றவை எத்தனை என்று பார்த்தது. அங்கீகரிக்கப்பட்ட வரவுகளில் குறைந்தது 52 விழுக்காடு, எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய காற்றாலைகளுக்கே போனது என்பது அதன் முடிவு. ஐரோப்பிய ஆணையத்துக்காக 2016இல் ஜெர்மனியின் ஓகோ நிறுவனம் தயாரித்த அறிக்கை இன்னும் கடுமையானது. ஆராயப்பட்ட திட்டங்களில் 85 விழுக்காடு, கூடுதலான குறைப்பைத் தந்திருக்கும் வாய்ப்பு குறைவு என்றது.

காற்றாலை பயனற்றது என்பது இதன் பொருளன்று. காற்றாலை நல்லது. அதன் பெயரில் வேறெங்கோ கூடுதலாக எரிக்கப்பட்ட நிலக்கரிதான் சிக்கல்.

விலை வீழ்ச்சியும் மிஞ்சியவையும்

2008இல் ஒரு வரவு 20 யூரோவுக்கு மேல் விற்றது. உலகப் பொருளாதார மந்தத்தால் ஐரோப்பிய ஆலைகளின் உற்பத்தி குறைந்து, உரிமங்கள் தேங்கின. வரவுகளோ வந்து குவிந்தன. 2013இல் விலை ஒரு யூரோவின் பாதிக்கும் கீழே இறங்கியது. பதிவுக்கும் தணிக்கைக்கும் ஆன செலவுகூடத் தேறாமல் பல திட்டங்கள் வரவு கோருவதையே நிறுத்தின. மீத்தேனைப் பிடித்து எரிப்பது போன்ற, வரவு விற்பனையைத் தவிர வேறு வருமானமே இல்லாத திட்டங்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. கூடுதல் தன்மையில் சந்தேகமே இல்லாதவையும் அவைதான்.

ஆனாலும் அக்காலத்திலிருந்து சில நற்பயன்கள் மிஞ்சின. ஒவ்வொரு வரவு வழங்கலிலும் 2 விழுக்காடு தகவமைப்பு நிதியத்துக்குப் பிடிக்கப்பட்டு, அவற்றை விற்று 20 கோடி டாலருக்கு மேல் திரட்டப்பட்டது. காலநிலை மாற்றத்தின் பாதிப்பைத் தாங்க ஏழை நாடுகளுக்கு உதவும் நிதியம் இது. தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுப் பணிகளைக் காலநிலை மாற்றத்துக்கேற்பச் சீரமைக்க நபார்டு வங்கி வழியாக இந்நிதியம் பணம் தந்துள்ளது. உமிழ்வை அளக்கவும் ஆவணப்படுத்தவும் தெரிந்த பொறியாளர்களும் தணிக்கையாளர்களும் வளரும் நாடுகளில் உருவானார்கள். சிமென்ட் ஆலை முதல் சாண எரிவாயுக் கலன் வரை கணக்கிடும் முறைகள் எழுதப்பட்டன.

உச்சவரம்புள்ள சந்தை வேறு வழியில் போனது. ஐரோப்பாவின் முதல் கட்டத்தில் தேவைக்கு மேல் உரிமங்கள் வழங்கப்பட்டதால், 2007இல் அவற்றின் விலை ஏறக்குறைய சுழியத்தைத் தொட்டது. அதன்பின் இலவச உரிமங்கள் குறைக்கப்பட்டன, ஏலம் கூடியது, தேங்கிய உரிமங்களை உறிஞ்சும் இருப்பு 2019இல் அமைக்கப்பட்டது. 2021 முதல் வெளிநாட்டு வரவுகள் ஏற்கப்படவில்லை. 2023 பிப்ரவரியில் ஓர் உரிமத்தின் விலை 100 யூரோவைத் தாண்டியது. அச்சந்தைக்குட்பட்ட மின் நிலையங்கள், ஆலைகளின் உமிழ்வு அவ்வாண்டில் 2005ஆம் ஆண்டு அளவைவிட ஏறத்தாழ 47 விழுக்காடு குறைந்திருந்தது. இது முழுவதும் விலையின் விளைவன்று. மலிவான சூரிய மின்சாரத்துக்கும் அரசுகளின் பிற கொள்கைகளுக்கும் பெரும்பங்கு உண்டு.

காடுகள்

காடழிப்பைத் தடுத்து வரவு விற்கும் திட்டங்கள் பெரும்பாலும் தன்னார்வச் சந்தையைச் சேர்ந்தவை. சட்டக் கட்டாயம் இல்லாத நிறுவனங்கள், தாம் கார்பன் சமநிலை அடைந்துவிட்டதாக விளம்பரம் செய்ய இவற்றை வாங்குகின்றன. இங்கு அடிக்கணக்கு இன்னும் வழுக்கலானது. இத்திட்டம் இல்லாவிட்டால் இந்தக் காட்டில் எத்தனை ஹெக்டேர் வெட்டப்பட்டிருக்கும்? மூன்று கண்டங்களில் 6 நாடுகளிலுள்ள 26 திட்டங்களை ஒத்த பிற காடுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2023இல் சயின்ஸ் இதழில் வெளியானது. பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்றும், குறைத்தவையும் சொன்னதைவிட மிகக் குறைவாகவே குறைத்தன என்றும் அது கண்டது.

காட்டுக்கு வேறிரண்டு சிக்கல்களும் உண்டு. ஓரிடத்தில் தடுக்கப்பட்ட வெட்டு அடுத்த பள்ளத்தாக்குக்கு நகர்ந்துவிடலாம். இதனைக் கசிவு என்பர். மரத்தில் சேர்ந்த கார்பன் தீயில் திரும்பிப் போகலாம். 2021இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பரவிய பூட்லெக் காட்டுத்தீ, வரவு விற்றிருந்த காடுகளையும் எரித்தது. நிலக்கரியிலிருந்து வெளியேறிய கார்பன் பல நூறு ஆண்டுகள் காற்றில் நிற்கும். அதற்கு ஈடாக வைத்த மரம் அவ்வளவு காலம் நிற்க வேண்டும்.

பாரிஸ் உடன்பாட்டின் ஆறாம் பிரிவு

2015இல் ஏற்கப்பட்ட பாரிஸ் உடன்பாட்டில் ஏறத்தாழ எல்லா நாடுகளும் தமக்கென இலக்கு அறிவித்துள்ளன. இதனால் பழைய ஏற்பாடு பொருந்தாமல் போயிற்று. முன்பு விற்கும் நாட்டுக்கு இலக்கு இல்லை. இப்போது விற்கும் நாடு, தான் விற்ற குறைப்பையே தன் இலக்கிலும் காட்டினால், ஒரே டன் இரண்டு பேரேடுகளில் ஏறிவிடும்.

இதற்குத் தீர்வாக வந்தது ஈடான சரிக்கட்டல் என்னும் விதி. விற்ற நாடு அந்த டன்களைத் தன் உமிழ்வுக் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும், வாங்கிய நாடு கழித்துக்கொள்ளலாம். இந்த விதி 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் முடிவாயிற்று. எஞ்சிய நுணுக்கங்கள் 2024இல் அஜர்பைஜானின் பாகு நகரில் முடிந்தன. உடன்பாட்டின் ஆறாம் பிரிவு இரு வழிகளைத் திறக்கிறது. ஒன்று, நாடுகள் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்வது. மற்றொன்று, ஐக்கிய நாடுகள் மேற்பார்வையில் இயங்கும் புதிய வரவுப் பொறிமுறை. இரண்டாவதில் தகவமைப்புக்கான பிடித்தம் 5 விழுக்காடாக உயர்ந்துள்ளது. மேலும் 2 விழுக்காடு வரவுகள் யாருக்கும் விற்கப்படாமல் நீக்கப்படும். அடிக்கணக்கை வழக்கமான உமிழ்வு அளவுக்குக் கீழே வைக்க வேண்டும் என்பதும், காலப்போக்கில் அதை மேலும் இறக்க வேண்டும் என்பதும் புதிய விதிகள். குளிர்பதன ஆலைகளின் நினைவு இந்த விதிகளில் தெரிகிறது.

நேரடி வழியில் பாரிஸ் இலக்குக்காக நடந்த முதல் கைமாற்றம் தாய்லாந்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையிலானது. பாங்காக் நகரில் டீசல் பேருந்துகளுக்குப் பதில் மின்பேருந்துகள் ஓடுவதால் குறைந்த 1,916 டன், 2024 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் கணக்குக்குப் போனது. பணம் வந்த வழி கவனிக்கத்தக்கது. சுவிட்சர்லாந்தில் எரிபொருள் இறக்குமதி செய்யும் நிறுவனங்கள், தம் எரிபொருளால் வரும் உமிழ்வில் ஒரு பகுதியை ஈடுசெய்யச் சட்டப்படி கடமைப்பட்டவை. அதற்காக லிட்டருக்கு 5 சென்டிம் வரை வாடிக்கையாளரிடம் வசூலிக்கலாம். ஜெனிவாவில் பெட்ரோல் போடுபவர் பாங்காக்கின் பேருந்துக்குக் காசு கொடுக்கிறார். தாய்லாந்து அந்த 1,916 டன்னைத் தன் கணக்கில் கூட்டிக்கொண்டது, ஆகவே இரட்டைக் கணக்கு இல்லை. ஆனால் அம்மின்பேருந்துகள் எப்படியும் வந்திருக்கும் என்று சுவிஸ் தொண்டு நிறுவனங்கள் வாதிட்டன. பேரேட்டுச் சிக்கல் தீர்ந்த பிறகும் கூடுதல் தன்மைக் கேள்வி அப்படியே நிற்கிறது.

விற்கும் நாடுகளுக்குப் புதிய கவலை ஒன்றும் வந்துள்ளது. மலிவான குறைப்புகளை இன்றே வெளிநாட்டுக்கு விற்றுவிட்டால், நாளை தன் சொந்த இலக்குக்கு விலையுயர்ந்த குறைப்புகளே மிஞ்சும்.

இந்தியாவின் ஏற்பாடு

இந்தியா 2022இல் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் உள்நாட்டுக் கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்தது. சிமென்ட், அலுமினியம், இரும்பு எஃகு, உரம், காகிதம், துணி உள்ளிட்ட தொழில்களுக்கு இது பொருந்தும். இதில் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு டன் சிமென்ட்டுக்கு இவ்வளவு உமிழ்வு என்பதுபோல் செறிவு இலக்கு விதிக்கப்படும். இலக்கைவிடச் சிறப்பாகச் செய்த ஆலை வரவு பெற்று விற்கும், தவறிய ஆலை வாங்கும். வளரும் பொருளாதாரத்துக்கு இது வசதியானது. ஆனால் உற்பத்தி பெருகினால், செறிவு குறைந்தும் மொத்த உமிழ்வு உயரலாம்.

வெளிநாடுகளுக்கு விற்கக்கூடிய குறைப்புகள் எவை என்ற பட்டியலை 2023 பிப்ரவரியில் நடுவண் அரசு வெளியிட்டது. பசுமை ஹைட்ரஜன், அழுத்தப்பட்ட உயிர்வாயு, சேமிப்பு வசதியோடு கூடிய புதுப்பிக்கத்தக்க மின்சாரம், விமானங்களுக்கான மாற்று எரிபொருள், கார்பனைப் பிடித்துச் சேமித்தல் போன்ற, இன்னும் விலை உயர்ந்த தொழில்நுட்பங்களே அதில் இடம்பெற்றன. முப்பந்தலில் சுழல்வது போன்ற வழக்கமான தரைக் காற்றாலைகள் பட்டியலில் இல்லை, கடலில் நிறுவும் காற்றாலைகள் உள்ளன. அவற்றுக்காக இந்தியா தேர்ந்தெடுத்த இரண்டு கடற்பகுதிகளில் ஒன்று குஜராத்தை ஒட்டியது, மற்றொன்று தமிழ்நாட்டின் தென்கரையை ஒட்டியது. இரண்டிலும் சேர்த்து 1,000 மெகாவாட் அமைக்க 2024 ஜூனில் நடுவண் அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அரசு உதவியோடு எழும் ஒரு கடல் காற்றாலை வரவுகளையும் விற்க முன்வந்தால், அந்தப் பணம் இல்லாமல் அது எழுந்திருக்காது என்பதை அதன் உரிமையாளர்கள் எண்களால் காட்ட வேண்டியிருக்கும்.